“எனக்கு ஒருக்கா வந்திட்டுது, இனி வராது”

போன மாரிக்கு எங்கட அறையில் நடந்த கதை இது. திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். எல்லாரும் கலைப்பீடம். ஒரு திங்கட்கிழமை ஒருத்தனுக்குக் காய்ச்சல் தொடங்கினது. வெளியில் அடைமழை. வகுப்பில் பாதிப் பேர் தும்மிக்கொண்டும் இருமிக்கொண்டும் இருந்த கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போவமா எண்டு கேட்டோம்.

“எனக்கு ஏ.எல். படிக்கேக்க ஒருக்கா டெங்கு வந்திட்டுது மச்சான். இனி வராது. உடம்பில எதிர்ப்புச் சக்தி இருக்கு. இது சும்மா மழைக் காய்ச்சல்.”

நாங்களும் நம்பினோம். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது. அந்தக் கிழமை ஒப்படை இரண்டு குடுக்கக் கிடந்தது, வரவு எண்பது வீதம் இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்கேலாது, ஆஸ்பத்திரி எண்டால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பனடோல் குடுத்தோம், கஞ்சி காய்ச்சினோம். புதன்கிழமை ஒருத்தனின் அம்மா போனில் பப்பாசி இலைச் சாறு குடுக்கச் சொன்னா. பக்கத்து வளவில் போய் இலை பிடுங்கி, இடிச்சுப் பிழிந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்க வைத்தோம். வியாழன் பின்நேரம் காய்ச்சல் விட்டிட்டுது. சாறு வேலை செய்திட்டுது எண்டு எல்லாருக்கும் பெரிய சந்தோசம். அவனைப் படுக்கவிட்டுட்டு நாங்கள் நாலு பேரும் கொத்து சாப்பிடப் போனோம்.

திரும்பி வரேக்க அவன் வயிறு நோகுது எண்டு சுருண்டு கிடந்தான். இரண்டு தரம் சத்தி எடுத்திருந்தான். சாற்றுக் கசப்புக்கு எடுக்கிறான் எண்டு நினைத்தோம். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்கார அன்ரி அவனுடைய கையைத் தொட்டுப் பார்த்தா. குளிர்ந்து போய் இருந்தது. “பின்நேரம் தொடக்கம் மூத்திரம் போனவனோ?” எண்டு கேட்டா. எங்களில் ஒருத்தருக்கும் தெரியேல்ல. “முதல்ல ஓட்டோவுக்கு அடியுங்கோடா” எண்டு கத்தினா.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களுக்கு ஏசின ஏச்சை நாங்கள் மறக்கமாட்டோம். “காய்ச்சல் விட்டால் சுகம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? டெங்குவில காய்ச்சல் விடுற நேரம்தான் கண்ணுக்குள்ள எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேணும்.” இவனுக்கு முதலும் ஒருக்கா வந்தது, அதால பயப்படேல்ல எண்டு நாங்கள் சொன்னோம். அவர் ஒரு நிமிசம் எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்பிடியெண்டால் இன்னும் கூடப் பயந்திருக்கவேணும்.”

அவன் தப்பிவிட்டான். மூன்று நாள் மணித்தியாலக் கணக்கில் சேலைன் அளந்து ஏற்றி, சிறுநீர் அளந்து, மறுபடி மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் தப்பவைத்தார்கள். ஆனால் அந்தக் கடைசி வசனம் எங்களோடேயே அறைக்கு வந்துவிட்டது. ஒருக்கா வந்த வருத்தம் எப்படி அடுத்த தரத்தை இன்னும் மோசமாக்கும்? இரத்தத்தில் எதிர்ப்பு இருந்தால் அது நல்லதுதானே? கலைப்பீடக்காரர் நாங்கள். ஆனாலும் இதைத் தேடி வாசிக்காமல் இருக்க முடியவில்லை. வாசித்த பிறகு எங்களுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் சொல்லைப் பற்றி. ஓ.எல். விஞ்ஞானத்தில் நாங்கள் எல்லாரும் ‘நிர்ப்பீடனம்’ எண்டு பாடமாக்கினோம். ‘பிறபொருளெதிரி’ எண்டும் பாடமாக்கினோம். சோதினை முடிய இரண்டையும் மறந்தோம். வீட்டிலும் கடையிலும் வைபரிலும் இருப்பது ‘எதிர்ப்புச் சக்தி’. இந்தச் சொல்லில்தான் பிழை தொடங்குகிறது எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

சக்தி எண்டால் அது கூடும், குறையும். போன் சார்ஜ் மாதிரி. சத்துமா குடித்தால் ஏறும், நித்திரை முழித்தால் இறங்கும். கூட இருந்தால் எந்த வருத்தமும் வராது, குறைய இருந்தால் எல்லா வருத்தமும் வரும். விளம்பரக்காரருக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. பாலில் இருந்து சவர்க்காரம் வரைக்கும் எல்லாவற்றையும் இந்த ஒரு சொல்லை வைத்து விற்கலாம்.

ஆனால் இரத்தத்துக்குள் இருப்பது அப்படி ஒரு எரிபொருள் இல்லை. அங்கே பல வேலைக்காரர், பல அடுக்குகள்.

முதல் அடுக்கு உடனடியானது. ஒரு கலத்துக்குள் வைரஸ் நுழைந்ததும், அந்தக் கலம் சாகமுதல் அக்கம்பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்திப் புரதத்துக்குப் பெயர் இன்ரர்பெரோன். 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லின்டன்மான் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். செய்தி கிடைத்த அயல் கலங்கள் தங்கள் கதவுகளைப் பூட்டிக்கொள்ளும், வைரஸ் பெருகத் தேவையான வேலைகளை நிறுத்திக்கொள்ளும். காய்ச்சல் நேரத்து உடம்பு உளைவு, சோர்வு எல்லாம் பெரும்பாலும் வைரஸ் செய்கிற வேலை இல்லை. எங்கட உடம்பு செய்கிற வேலை. இன்ரர்பெரோனை மருந்தாக ஊசியில் ஏற்றினாலும் இதே உளைவு வரும். ஈரல் அழற்சிக்கு மாதக்கணக்காக அதை ஏற்றிக்கொண்டவர்களுக்கு அது நல்லாகத் தெரியும்.

இரண்டாவது அடுக்கு ஆறுதலாக வரும், ஆனால் மறக்காது. ஒவ்வொரு கிருமிக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு பிறபொருளெதிரி உருவாகும். கிருமி போன பிறகும் அதைச் செய்யத் தெரிந்த கலங்கள் சில உடம்பில் தங்கிவிடும். இதற்கு நாங்கள் வாசித்த உதாரணங்களில் மறக்கவே முடியாதது பரோ தீவுகளின் கதை. வட அத்திலாந்திக்கில் உள்ள சின்னத் தீவுக் கூட்டம். 1781இல் அங்கே சின்னமுத்து வந்தது. பிறகு 65 வருசம் வரவேயில்லை. 1846இல் திரும்ப வந்தபோது ஏழாயிரத்துச் சொச்சம் சனத்தில் ஏறக்குறைய 6,000 பேரைப் பிடித்தது. அதை ஆராயப் போன பனும் என்ற இளம் டொக்டர் ஒரு விசயத்தைக் கவனித்தார். 1781இல் சின்னப்பிள்ளைகளாக இருக்கும்போது சின்னமுத்து வந்த கிழவர் கிழவியர் ஒருவருக்கும் இரண்டாம் தரம் வரவில்லை. 65 வருசமாக அவர்கள் எந்தச் சத்துமாவும் குடிக்கவில்லை. அவர்களின் இரத்தம் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, அது சக்தி இல்லை, ஞாபகம். இந்த ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தால் நிறைய விசயம் விளங்குகிறது. ஞாபகம் குறிப்பானது. சின்னமுத்தை ஞாபகம் வைத்திருப்பது டெங்குவுக்கு உதவாது. இன்னொன்று, ஞாபகம் பிழைக்கவும் கூடும்.

*

டெங்கு வைரஸ் ஒன்று இல்லை, நாலு. ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம், ஆனால் நாலும் வேறு வேறு. வகை 1 வந்தால் வகை 1க்கு எதிராகக் காலம் முழுக்கப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் எதிராகச் சில மாதங்கள் மட்டும் ஓரளவு பாதுகாப்பு. பிறகுதான் ஆபத்து. பழைய பிறபொருளெதிரி புது வகையைக் கண்டு, தெரிஞ்ச ஆள்தானே எண்டு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. பிறபொருளெதிரி ஒட்டிய எதையும் விழுங்கி அழிப்பதற்கென்றே சில வெண்குழியங்கள் இருக்கின்றன. அவை வழக்கம்போல இதையும் விழுங்கும். டெங்கு வைரசுக்கு வேண்டியதும் அதுதான். அது பெருகுகிற இடமே அந்தக் கலங்கள்தான். எங்கட காவல்காரனே கள்ளனைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி.

இதை ஏட்டுக் கதை எண்டு நினைக்கவேண்டாம். கியூபாவில் 1977இல் வகை 1 வந்தது. ஊரில் நிறையப் பேருக்கு வந்து, பெரிதாக ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலு வருசம் கழித்து 1981இல் வகை 2 வந்தது. மூன்று இலட்சத்து 44 ஆயிரம் பேருக்கு வருத்தம், 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் சிறுவர்கள். முதல் தொற்றுக் காலத்துக்குப் பிறகு பிறந்து, வகை 1ஐக் காணாத ஒன்று இரண்டு வயதுக் குழந்தைகளுக்குக் கடுமையான டெங்கு வரவில்லை. முதல் தொற்றைக் கண்டவர்களிடம்தான் அது கடுமையாகப் போனது.

2017இல் நிக்கராகுவாவில் ஆயிரக்கணக்கான சிறுவர்களை வருசக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வொன்று இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டியது. டெங்குப் பிறபொருளெதிரி இரத்தத்தில் நிறைய இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு. அறவே இல்லாதவர்களுக்கும் ஆபத்துக் குறைவு. இடைநடுவில், அரைகுறையாக இருந்தவர்களுக்குத்தான் கடுமையான டெங்கு வரும் ஆபத்துக் கூட. ‘சக்தி’ எண்ட சொல்லால் இந்த முடிவை விளங்கப்படுத்தவே முடியாது. கூட இருந்தால் கூட நல்லது எண்டுதானே சக்தியின் கணக்கு.

இலங்கையில் நாலு வகையும் சுற்றித் திரிகின்றன. பல வருசமாக வகை 1 முன்னுக்கு நின்ற நாட்டில் 2017இல் வகை 2 முன்னுக்கு வந்தது. அந்த ஒரு வருசத்தில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் வார்டுகள் எப்படி இருந்தன எண்டு இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படியெண்டால் இன்று எங்கட வயதில் இருக்கிறவர்களில் ஒருக்கா டெங்கு வந்தவர்கள் நிறையப் பேர். வந்தது தெரியாமலே வந்து போனவர்களும் இருப்பார்கள், ஏனெண்டால் முதல் தொற்றுப் பலருக்கு அறிகுறியே காட்டாது. இரண்டாம் தரம் வந்தால் எல்லாருக்கும் கடுமையாகும் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. பெரும்பாலானோர் சுகமாகி வீட்டுக்குத்தான் போவார்கள். ஆனால் “ஒருக்கா வந்திட்டுது” எண்டது ஆறுதல் வசனம் இல்லை. அது டொக்டருக்கு முதல் வேலையாகச் சொல்லவேண்டிய வசனம்.

*

இனிப் பப்பாசி இலைக்கு வருவோம். இதில் ஊர் முழுக்க எங்களோடு சண்டைக்கு வரும் எண்டு தெரியும். எங்கட அம்மம்மாக்களும் வருவினம்.

டெங்கு எண்டால் சனம் கேட்கிற முதல் கேள்வி, “பிளேற்லெற் எத்தினை?” பள்ளிக்கூடப் பாசையில் குருதிச் சிறுதட்டு. அது இறங்கினால் பயம், ஏறினால் நிம்மதி. பப்பாசிச் சாற்றின் பெயரும் அங்கேதான் நிற்கிறது: பிளேற்லெற்றை ஏற்றும் எண்டு. ஏற்றுதோ இல்லையோ எண்ட வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. சாறு குடிக்காதவர்களுக்கும் வருத்தம் மாற மாற அது தானாக ஏறத்தான் செய்யும். எங்கட கேள்வி வேறு. டெங்குவில் ஆட்களைச் சாகடிப்பது பெரும்பாலும் பிளேற்லெற் இறங்குவது இல்லை. இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குவதுதான். இரத்தத்தின் திரவப் பகுதி குழாயை விட்டு வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசிகிறது. குழாய்க்குள் மிஞ்சுவது தடித்துப்போன இரத்தம். பிறஷர் விழும், கை கால் குளிரும், சிறுநீர் குறையும். இந்தக் கசிவு நடப்பது காய்ச்சல் விடுகிற நேரத்தை ஒட்டி, 24 முதல் 48 மணித்தியாலம் வரை. வைரஸ் இரத்தத்தில் குறைந்துகொண்டு போகிற நேரமும் அதுதான். வைரஸ் விட்ட புரதமும், அதைத் துரத்த வெளிக்கிட்ட எங்கட உடம்பின் அளவு மீறிய எதிர்த்தாக்குதலும் சேர்ந்து எங்கட குழாய்களையே கசியவைக்கின்றன.

இப்ப நாங்கள் செய்ததை யோசித்துப் பாருங்கோ. புதன் சாறு குடுத்தோம். வியாழன் காய்ச்சல் விட்டது. சாறு குடுக்காவிட்டாலும் அன்றைக்கு விட்டிருக்கும், டெங்குவின் வழக்கம் அது. ஆனால் நாங்கள் வெற்றி எண்டு நினைத்துக் கொத்துச் சாப்பிடப் போனோம். பப்பாசி இலை அவனுக்கு நஞ்சாகவில்லை. அது எங்களுக்குத் தந்த நிம்மதிதான் நஞ்சு. மூன்றாம் நாள் செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனையின் இடத்தில் அது வந்து குந்திவிட்டது.

இந்த இடத்தில் “நீங்கள் தமிழ் மருத்துவத்தைக் குறைக்கிறியள்” எண்டு ஒரு குரல் வரும். இல்லை. யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் படிப்பு. அதைப் படிக்கிற நண்பர்களும் எங்களுக்கு இருக்கினம். அவர்கள் நாடி பார்த்து, ஆளைப் பார்த்து, நோயின் நாளைக் கணக்குப் பார்த்துத்தான் மருந்து குடுப்பார்கள். வைபரில் வந்த செய்முறையைப் போனில் கேட்டுச் செய்வது சித்தமும் இல்லை, மேற்கத்தேயமும் இல்லை. எங்கட கேள்வி எல்லா மருந்துக்கும் ஒன்றுதான்: எதைச் செய்யும் எண்டு சொல்லுகிறாய், அதைச் செய்ததை எப்படிக் கண்டாய், செய்யாமல் போனால் எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் எண்டதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. 2020 மார்கழியில் கேகாலையில் கொவிட்டுக்குத் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்று வாங்க ஆயிரக்கணக்கில் சனம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றது. நோய் பரவுவதற்கு அதைவிட நல்ல கூட்டம் வேண்டியதில்லை. அப்போதைய சுகாதார அமைச்சர் பகிரங்கமாக அந்தப் பாணியைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொவிட் உறுதியானது. நாங்கள் அதைச் சிங்களச் சனத்தின் மூடநம்பிக்கை எண்டு சொல்லிச் சிரித்தோம். அதே கிழமை எங்கட வீடுகளில் என்ன காய்ச்சிக் குடித்தோம் எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை.

*

இதற்கு எதிர்ப்பக்கக் கதை ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியில் ஊல்ம் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: மனித இரத்தத்திலேயே எச்.ஐ.வியைத் தடுக்கிற ஏதாவது இயல்பாக இருக்குமா? சிறுநீரக நோயாளர்களின் இரத்தத்தை வடிகட்டும்போது கழிவாகப் போகிற நீரை ஆயிரக்கணக்கான லீற்றராகச் சேர்த்தார்கள். அதில் இருந்த சின்னச் சின்னப் புரதத் துண்டுகளைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தார்கள். 2007இல் விடை வந்தது. வெறும் 20 அமினோ அமிலம் நீளமான ஒரு துண்டு. இரத்தத்தில் எப்போதும் இருக்கிற ஒரு சாதாரணப் புரதத்தின் உடைவு. அதற்கு ‘விரிப்’ எண்டு பெயர் வைத்தார்கள். எச்.ஐ.வி ஒரு கலத்துக்குள் புக முதல் தூண்டில் மாதிரி ஒரு கொளுக்கியை அதன் சுவரில் எறியும். விரிப் அந்தக் கொளுக்கியைப் பிடித்து மடக்கிவிடும்.

வைபர் குழுக்காரர் கையில் இது கிடைத்திருந்தால் அடுத்த நாள் போத்தலில் வந்திருக்கும்: “எய்ட்ஸுக்கு மருந்து உங்கள் இரத்தத்திலேயே!” ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? இயற்கையான துண்டு பலம் குறைந்தது எண்டு தாங்களே எழுதினார்கள். சில அமிலங்களை மாற்றி ஏறக்குறைய நூறு மடங்கு பலமாக்கினார்கள். அப்படி மாற்றிய ஒன்றை 18 நோயாளர்களுக்கு 10 நாள் குடுத்துப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். கூடிய அளவு ஏற்றியவர்களின் இரத்தத்தில் வைரசின் அளவு நல்லாக இறங்கியது. ஆனால் அதற்கு நாளுக்குக் கிராம் கணக்கில், நாளத்துக்குள் ஓயாமல் ஏற்றவேண்டும். ஒரு மனிசனைக் காலம் முழுக்கச் சேலைனோடு கட்டிவைக்க முடியாது. அந்த ஊசி மருந்தாகக் கடைக்கு வரவில்லை.

இந்தக் கதை தோல்விக் கதை மாதிரித் தெரியும். எங்களுக்கு அது பிடித்ததே அதனால்தான். உண்மையாகவே இரத்தத்தில் இருந்த, உண்மையாகவே வைரசைத் தடுத்த ஒன்றே இத்தனை வாசல் தாண்டி வந்தும் மருந்தாகவில்லை. ஒரு வாசலும் தாண்டாத ஒன்றை நாங்கள் ஒரு போன் அழைப்பில் நம்பிவிடுகிறோம்.

நிறுவனங்களும் பிழை விடும். பிலிப்பைன்ஸில் 2016இல் தொடங்கிப் பள்ளிச் சிறுவர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்வக்சியா என்ற தடுப்பூசி போட்டார்கள். முன்னர் டெங்கு வராத பிள்ளைகளுக்கு அது முதல் தொற்றைப் போல வேலை செய்து, பிறகு உண்மையான டெங்கு வரும்போது கடுமையாகும் ஆபத்தைக் கூட்டுகிறது எண்டு 2017 கார்த்திகையில் கம்பனியே ஒத்துக்கொண்டது. திட்டம் நிறுத்தப்பட்டது. கோபத்தில் சனம் மற்றத் தடுப்பூசிகளையும் நம்பாமல் விட, 2019இல் சின்னமுத்து பெரிதாகப் பரவியது. ஆக, அரைகுறை ஞாபகத்தின் ஆபத்தை மருந்துக் கம்பனிகளும் தெரிந்துகொண்டது இப்படி அடிபட்டுத்தான். இதில் இருந்து நாங்கள் எடுப்பது ‘ஒருத்தரையும் நம்பாதே’ எண்ட பாடம் இல்லை. எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தபடியால்தான் பிழை பிடிபட்டது. பப்பாசிச் சாற்றில் பிழை இருந்தால் அதை எண்ணுவதற்கு ஆர் இருக்கினம்?

*

இன்னொன்றும் ‘சக்தி’ எண்ட சொல் மறைக்கிறது. சக்தி என்னுடையது, என்ர உடம்பு, என்ர சாப்பாடு, என்ர பலம். இரத்தத்தின் ஞாபகம் அப்படித் தனிச் சொத்து இல்லை. தாயின் பிறபொருளெதிரிகள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகின்றன. பிறந்து சில மாதம் பிள்ளையைக் காப்பது தாயின் ஞாபகம்தான். விசர்நாய் கடித்துக் காயம் கடுமையாக இருந்தால் தடுப்பூசியோடு சேர்த்துக் காயத்தைச் சுற்றிப் போடுகிற ஊசியில் இருப்பது வேறொரு மனிசரின் அல்லது குதிரையின் இரத்தத்தில் இருந்து எடுத்த பிறபொருளெதிரி. இந்த நாட்டில் இரத்ததானம் காசுக்கு நடப்பதில்லை, தன்னார்வமாகத்தான் நடக்கிறது. எங்கட பீடத்தில் இரத்ததான முகாம் நடந்தால் வரிசையில் நிற்கிறோம். ஆருக்குப் போகுது எண்டு கேட்பதில்லை. தென்மராட்சிக்கோ தெற்குக்கோ எண்டு போத்தலில் எழுதுவதில்லை.

நுளம்பும் அப்படித்தான், வேலி பார்ப்பதில்லை. ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் சுரேந்திரனும் மற்றவர்களும் சேர்ந்து 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். டெங்கு நுளம்பு நல்ல தண்ணியில் மட்டும்தான் முட்டையிடும் எண்டு உலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கரையோரத்தில் எறிந்து கிடக்கிற பிளாஸ்ரிக் கோப்பை, போத்தலில் தேங்கிய உவர்த்தண்ணியிலும் அது வளருகிறது எண்டு அவர்கள் காட்டினார்கள். மூன்று பக்கமும் கடல், நடுவில் களப்பு உள்ள எங்கட ஊருக்கு இதைவிடப் பெரிய செய்தி இல்லை. உவர்த் தண்ணிதானே எண்டு ஒதுக்கிவிட இடமில்லை. அதைவிட, வெளிநாட்டில் இருக்கிறவர்களின் பூட்டிய வீடுகள், பற்றை மூடின வெறுங்காணிகள். பி.எச்.ஐ வந்து ஆருக்குத் தண்டம் எழுதுவார்? கனடாவில் இருக்கிற சித்தப்பாவுக்கோ? ஒரு தெருவில் பத்து வீட்டுக்காரர் சத்துமா குடித்தாலும் பதினொராவது வீட்டுப் பீலியில் தண்ணி நின்றால் கதை முடிந்தது. எங்கட கதையும் அதுதான். அவன் வீடு திரும்பின அன்று நாங்கள் வளவைச் சுற்றிப் பார்த்தோம். மதிலோரம் கிடந்த பழைய ரயருக்குள் புழு நெளிந்துகொண்டு இருந்தது. அது வீட்டுக்கார அன்ரியின் ரயர் இல்லை. நாங்கள் இருந்து கதைக்கிறதுக்கு எண்டு உருட்டிக்கொண்டு வந்தது.

*

ஆகவே கலைப்பீடத்து நாங்கள் விஞ்ஞானிகளுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. சொல் எங்கட துறை. அதனால் சொல்லைப் பற்றிச் சொல்லுகிறோம். ‘எதிர்ப்புச் சக்தி’ எண்ட சொல்லைக் கொஞ்சக் காலம் ஒதுக்கி வையுங்கோ. நிர்ப்பீடனம் எண்டு சொல்ல வாய் வராவிட்டால் ‘இரத்தத்தின்ர ஞாபகம்’ எண்டு சொல்லுங்கோ. ஞாபகம் எண்டு சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: எதைப் பற்றின ஞாபகம்? முழு ஞாபகமோ அரைகுறையோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மேற்கத்தேய மருத்துவத்தை எங்கட பெடியளுக்குத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்காகச் சொற்களைத் தேடித் தேடி மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கினார்கள். அந்த ஊரில், இன்று கையில் போன் வைத்திருக்கிற எங்களுக்கு, டெங்கு பற்றிப் பத்து வரி ஒழுங்காகத் தமிழில் எழுதி அம்மாவின் வைபர் குழுவில் போட ஏலாதோ? நாங்கள் போட்டோம். எழுதினது இவ்வளவுதான்:

காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் கட்டாயம் இரத்தம் சோதியுங்கோ. முதல் டெங்கு வந்திருந்தால் அதை மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கோ. பனடோலைத் தவிர வேறு நோ மாத்திரை, அஸ்பிரின், புரூபன் ஒன்றும் வேண்டாம். சிவப்பு, மண்ணிறக் குடிபானம் குடுக்காதேங்கோ, சத்தியில் இரத்தம் வந்தால் பிரித்தறிய முடியாது. எத்தனை தரம் சிறுநீர் போனது எண்டு எழுதி வையுங்கோ. வயிற்று நோ, ஓயாத சத்தி, இரத்தக் கசிவு, கை கால் குளிர்தல், அசாதாரணச் சோர்வு, இதில் ஒன்று கண்டாலும் விடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. காய்ச்சல் விட்டால் இன்னும் இரண்டு நாள் கவனம்.

கீழே ஒரு மாமி உடனே கேட்டா: “அப்ப பப்பாசிச் சாறு?” எங்கட பெடியன்தான் பதில் போட்டான். “குடிச்சனான் மாமி. நல்ல கசப்பு. ஐ.சி.யூவில இருந்துதான் எழும்பி வந்தனான்.”

அடுத்த மாரிக்கு உங்கட அறையில் ஆராவது காய்ச்சலோடு படுத்துக்கொண்டு “எனக்கு ஒருக்கா வந்திட்டுது, இனி வராது” எண்டு சொன்னால், நாங்கள் கேட்ட மாதிரிக் கேட்டுக்கொண்டு இருக்காதேங்கோ. ஓட்டோவுக்கு அடியுங்கோ.